பிடித்த பிடியும் இரத்த அழுத்தமும்

வெள்ளிக்கிழமை காலையில் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்குச் சென்ற அங்கத்தினர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கிடாயின் கழுத்துக் கயிற்றை ஒருவர் இறுகப் பற்றிக்கொண்டு நிற்பார். விலை பேசி முடியும்வரை கிடாய் ஒரு பக்கம் இழுக்கும். அவர் மறுபக்கம் இழுப்பார். கிடாயும் நகராது; அவரும் நகரமாட்டார். பார்ப்பவர் கண்ணுக்கு அவர் சும்மா நிற்பவராகவே தோன்றுவார். ஆயினும் இரண்டு மூன்று நிமிஷங்களில் அவர் நெற்றியில் வியர்வை அரும்பும், நாடி விரையும், முன்கை நடுங்கத் தொடங்கும். எதுவுமே அசையாதபோது இந்த உழைப்பெல்லாம் எங்கே சென்றது?

தசை நீளமோ குறுகலோ அடையாமல், இருந்த நிலையிலேயே விறைத்து வலிமை காட்டும் முயற்சிக்கு மேல்நாட்டார் ‘ஐசோமெட்ரிக்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். ‘ஒரே அளவு’ என்பது அச்சொல்லின் பொருள். நாம் இதை ‘நிலைப்பிடி’ என்று வழங்குவோம். நடத்தல், மிதித்தல், மண் வெட்டுதல் முதலியவற்றில் தசை சுருங்கியும் விரிந்தும் மாறி மாறி இயங்குகிறது. நிலைப்பிடியில் அந்த மாற்றம் இல்லை. தெருவில் பாவை நீட்டி, அது தொய்யாதபடி கயிற்றை இழுத்து முளையில் கட்டும்வரை பிடித்து நிற்பது நிலைப்பிடி. இரு கைகளிலும் தண்ணீர் வாளிகளைத் தொங்கவிட்டுக் கொண்டு வருவதில் கால்களுக்கு இயக்கம். விரல்களுக்கும் முன்கைக்கும் நிலைப்பிடி. சாலை இல்லாத மலையூர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டிச் சுமந்து இறங்கியவர்களைக் கேட்டால், கால் வலித்ததைவிடக் கழியைப் பற்றிய கையும் தோளும் வலித்ததையே முதலில் சொல்வார்கள்.

இப்பொருளை இத்திங்கள் பாடமாக எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு முகாமில் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். நம் அங்கத்தினர் ஒருவரின் மகன், இருபத்திரண்டு வயதுப் பையன், அன்று காலை வண்டியிலிருந்து நூல் சிப்பங்களை இறக்கி வைத்துவிட்டு, கடைசிச் சிப்பத்தைக் கையில் பிடித்தபடியே வரிசையில் வந்து நின்றான். முறை வந்ததும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கையை அந்தரத்தில் நீட்டினான். ஊசி கண்டவனைப்போல் முஷ்டியையும் இறுக்கிக்கொண்டான். கருவி 152/96 என்று காட்டிற்று. சீட்டில் அதை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

அந்தச் சீட்டு வீட்டில் செய்த கலவரம் சிறிதன்று. தாயார் அவனைத் தறியில் உட்கார விடவில்லை. சிப்பம் தூக்கக்கூடாதென்று தகப்பனார் தடுத்தார். பெண் பார்க்க வருவதாக இருந்த வீட்டாருக்கும் செய்தி எட்டி, அவர்கள் நாளைத் தள்ளிப் போட்டார்கள். பத்து நாட்கள் கழித்து அவனை நாற்காலியில் உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, கையை மேசைமேல் தளர்வாக வைக்கச் சொல்லி, ஐந்து நிமிஷம் பேசாதிருக்கச் செய்தபின் அளந்தபோது 122/78 இருந்தது. மறுவாரம் அளந்தபோதும் ஏறத்தாழ அவ்வளவே. முதல் அளவு பொய்யா என்று தகப்பனார் கேட்டார். பொய்யன்று. அந்த நிமிஷத்தில் அவன் உடம்பில் அவ்வளவு அழுத்தம் இருந்தது மெய்யே. அது ஏன் இருந்தது என்பதுதான் பாடம்.

இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். அடுத்த தள்ளுதலுக்கு முன் இருதயம் விரிந்திருக்கும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். இரண்டும் பாதரச மில்லிமீட்டரில் கூறப்படுகின்றன. இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896-இல் கைப்பட்டையைக் கட்டி அளக்கும் கருவியை அமைத்தார். ருஷிய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல், பட்டைக்குக் கீழே காது வைத்துக் கேட்டால் இரண்டு எண்களையும் அறியலாம் என்று காட்டினார். இன்று பாட்டரியில் ஓடும் கருவிகளும் அதே பட்டையைத்தான் கட்டுகின்றன.

ஆரோக்கியமான வாலிபன் ஒருவன் தன் முழுப் பலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு வலிமையோடு ஒரு கைப்பிடியை மூன்று நிமிஷம் இறுக்கிப் பிடித்திருந்தால் மேல் எண் இருபது, முப்பது மில்லிமீட்டர் ஏறக்கூடும். கீழ் எண்ணும் பதினைந்து, இருபது ஏறிவிடும். கீழ் எண் ஏறுவதே இங்குக் கவனிக்கத்தக்கது. அதே வாலிபன் ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைப் பக்கம் மலையேறி நடந்தால் மேல் எண் நன்றாகவே ஏறும். கீழ் எண்ணோ பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும், சிறிது இறங்கவும் செய்யும். நடக்கும்போது கால் தசைகளின் இரத்தக் குழாய்கள் விரிந்து வழி விடுகின்றன. வாய்க்காலில் மடைகளைத் திறந்துவிட்டாற் போன்றது அது. நிலைப்பிடியில் மடை அடைபடுகிறது.

அடைப்பது எது? தசையே. விறைத்த தசை தனக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்கிக் கொள்கிறது. முழுப் பலத்தில் சுமார் 15 சதவிகிதம்வரை பிடித்தால் இரத்த ஓட்டம் தேவைக்கு ஈடு கொடுத்துவிடுகிறது. அழுத்தம் சற்று ஏறி ஒரு மட்டத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் இறுக்கினால் ஓட்டம் பற்றாமல் போகிறது. பிடி நீடிக்க நீடிக்க அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். சுமார் 70 சதவிகிதத்தை எட்டினால் முன்கைத் தசையில் ஓட்டம் ஏறக்குறைய நின்றே விடுகிறது. லிண்ட் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் 1960-களில் இவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். ஆகவே பிடியின் கடுமையை எடையால் மட்டும் அளக்கக்கூடாது. ஒரு வாளித் தண்ணீர் தகப்பனாருக்குச் சிறு பங்குப் பலமாக இருக்கலாம். பன்னிரண்டு வயது மகளுக்கு அதுவே பாதிப் பலமாக இருக்கும். ஏறும் அழுத்தம் அந்தப் பங்கைப் பொறுத்தது. எவ்வளவு நேரம் என்பதையும், எத்தனை தசைகள் சேர்ந்து இறுகுகின்றன என்பதையும் பொறுத்தது.

இனி, ஓட்டம் தடைப்பட்ட தசை தன் நிலையை மூளைக்கு எவ்வாறு அறிவிக்கிறது? இதை மிக எளிய உபாயத்தால் கண்டறிந்தவர்கள் எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்த அலாம், ஸ்மர்க் என்னும் இருவர். அவர்கள் கட்டுரை 1937-இல் வெளிவந்தது. தசைக்கு வேலை கொடுத்து, வேலை முடிவதற்குள் பட்டையைக் கட்டிக் காற்றேற்றி, அந்த உறுப்பின் இரத்த ஓட்டத்தை நிறுத்தினார்கள். பின்பு வேலையை நிறுத்தச் சொன்னார்கள். வேலை நின்றவுடன் அழுத்தம் இறங்கியிருக்க வேண்டுமல்லவா? இறங்கவில்லை. பட்டையை அவிழ்க்கும்வரை ஏறிய நிலையிலேயே நின்றது, அவிழ்த்ததும் இறங்கிற்று. முயற்சி நின்றபின்னும் தசைக்குள் தேங்கிக் கிடந்த கழிவுப் பொருள்கள் நரம்பைத் தூண்டிக்கொண்டே இருந்தன என்பதே இதன் பொருள். நெல்லுக்குத் தண்ணீர் பற்றவில்லையென்று கடைமடைக்காரர் மேலே சொல்லி அனுப்புவதைப்போல, தசை சொல்லி அனுப்புகிறது. மூளையின் அடித்தண்டு அதைக் கேட்டு, மற்ற இடங்களின் குழாய்களைக் குறுக்கி, இருதயத்தையும் விரைவாக அடிக்கச் செய்து, அழுத்தத்தை உயர்த்துகிறது. உயர்ந்த அழுத்தம் நசுங்கிய குழாய்க்குள்ளும் கொஞ்சம் இரத்தத்தைப் புகுத்துகிறது.

இது ஒன்று மட்டும் காரணமன்று. கையை இறுக்கு என்று மூளை கட்டளையிடும்போதே அக்கட்டளையின் ஒரு கிளை இருதயத்துக்கும் செல்லுகிறது. பிடித்த நொடியிலேயே நாடி விரைவது இதனால்தான். கழிவு தேங்குவதற்கு அதற்குள் நேரமில்லை. டென்மார்க் நாட்டுக் குரோக், லிண்டார்டு என்பவர்கள் 1913-இலேயே இவ்வாறு கருதினர். இரண்டு வழிகளும் சேர்ந்தே இயங்குகின்றன என்பதில் இன்று ஐயமில்லை.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பாரம் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் மூச்சை அடக்கி, ‘உம்’ என்று முக்கியே தூக்குகிறார்கள். அப்போது மார்புக்குள் அழுத்தம் மிகுந்து, அது இரத்தக் குழாயின் அழுத்தத்தோடு சேர்ந்துகொள்கிறது. கனடா நாட்டில் ஐந்து உடற்பயிற்சி வீரர்களின் கைநாடிக்குள் நுண்குழாய் செருகி அளந்து, 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். இரு கால்களாலும் பெரும் பாரத்தைத் தள்ளும்போது அழுத்தம் சராசரி 320/250 ஆயிற்று. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டிற்று! நல்ல வாலிபர்களாதலால் தாங்கினார்கள். பலவீனமான குழாய் உள்ளவர் தாங்குவார் என்று எண்ண வேண்டாம். மூட்டையைத் தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும் என்று நம் கிழவர்கள் சொல்லுவது சரியான வார்த்தை. எண்ணிக்கொண்டோ ஏலேலோ பாடிக்கொண்டோ தூக்கினால் மூச்சை அடக்கவே இயலாது. அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர் உடற்கூறு படிக்காவிட்டாலும் விவரம் தெரிந்தவரே.

ஏறிய அழுத்தம் தீங்கல்லவா என்று கேட்கலாம். ஆரோக்கியமான வாலிபருக்குப் பிடியை விட்ட ஒன்றிரண்டு நிமிஷங்களில் அது பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதுமட்டுமன்று, ஏறாமலிருப்பதே நோய்க்குறியாகவும் இருக்கும். நீரிழிவு முற்றி, இருதயத்தையும் குழாய்களையும் ஆளும் நரம்புகள் கெட்டுப்போனவர்களுக்கு, இறுக்கிப் பிடித்தாலும் கீழ் எண் எழும்புவதில்லை. எடின்பரோ நகர மருத்துவர் ஈவிங்கும் அவர் குழுவினரும் 1970-களில் இதையே ஒரு சோதனையாக வகுத்தார்கள். முப்பது சதவிகிதப் பலத்தில் ஐந்து நிமிஷம்வரை பிடிக்கச் செய்து, கீழ் எண் 16 அல்லது அதற்கு மேல் ஏறினால் நலம் என்றும், 10 அல்லது அதற்குக் குறைவாக ஏறினால் கோளாறு என்றும் கொண்டார்கள். நூல் சிப்பம் இறக்கிய பையனின் உடம்பு செய்யவேண்டியதைச் செய்தது. பிழை அளந்த முறையில் இருந்தது.

அந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து வீட்டு வாயிலிலேயே அழுத்தம் பார்க்கிறார்கள். பலரது வீட்டில் கருவியும் வந்துவிட்டது. நல்லதே. ஆனால் கருவி, கட்டியவுடன் உள்ளதைச் சொல்லும் தராசன்று. கையை அந்தரத்தில் நீட்டிப் பிடித்திருப்பதும் ஒரு நிலைப்பிடியே என்பதை இதற்குள் அங்கத்தினர்கள் உணர்ந்திருப்பார்கள். தாங்கல் இல்லாத கையால் மட்டும் கீழ் எண் பத்தில் ஒரு பங்கு ஏறிவிடக்கூடும், 84 இருக்க வேண்டியவருக்கு 92 காட்டும், அவர் நோயாளியாகிவிடுவார். ஆகவே கை, மார்பு மட்டத்தில் மேசைமீதோ மடித்த போர்வைமீதோ கிடக்க வேண்டும். விரல்கள் விரிந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானமும், பாதத்துக்குத் தரையும் வேண்டும். கால்மேல் கால் கூடாது. அதற்குமுன் அரைமணி நேரத்துக்குள் பாரம் தூக்கியிருக்கக் கூடாது. தேநீரும் பீடியும் ஆகா. ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்தபின் அளந்து, ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். வேறொரு நாளிலும் அளந்து, மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 என்ற எல்லையை எட்டியோ தாண்டியோ நின்றால்தான் அதை உயர் அழுத்தம் என்று மருத்துவர் கொள்வார்.

இவ்வளவு கூறியதைக் கொண்டு யாரும் தமக்கு வேண்டிய சாக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி எடுத்துக்கொண்ட ஒருவரையும் நாம் அறிவோம். நாற்பத்தைந்து வயதுக்காரர், நல்ல உழைப்பாளி. ஒவ்வொரு தடவையும் எண் அதிகமாகக் காட்டியபோது, “இப்போதுதானே மூட்டை தூக்கினேன், அதனால்தான்” என்று சொல்லி எழுந்து போய்விடுவார். உட்கார்ந்து மறு அளவு எடுக்க அவருக்குப் பொழுதில்லை. ஒரு நாள் விடியற்காலையில் வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பையனின் சீட்டில் இருந்ததும் இவர் சீட்டில் இருந்ததும் ஏறத்தாழ ஒரே எண்கள். ஓய்வில் இறங்குகிறதா, ஓய்விலும் தங்குகிறதா என்பதே வேற்றுமை. அதைப் பத்து நிமிஷமும் ஒரு நாற்காலியும் சொல்லிவிடும். வேலூர் நகரிலும் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களிலும் 1991–94-இல் எடுத்த கணக்கையும் 2010–12-இல் எடுத்த கணக்கையும் ஒப்பிட்டு நோக்கியபோது உயர் அழுத்தம் உடையோர் தொகை நகரில் மட்டுமன்றி நாட்டுப்புறத்திலும் பெருகியிருந்தது. உழைக்கிறவனுக்கு அழுத்தம் வராது என்பது நம் பக்கத்தில் இனிச் செல்லுபடியாகாத பேச்சு.

நிலைப்பிடியின் மறுபக்கம் ஒன்று மிக வியப்பானது. அந்நேரம் அழுத்தத்தை ஏற்றுகின்ற இதே முயற்சியை அளவோடும் ஒழுங்கோடும் வாரக்கணக்கில் செய்தால், ஓய்வுநேர அழுத்தம் இறங்குகிறது. அமெரிக்காவில் வைலி என்பவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் எல்லையை ஒட்டி இருந்த சிலருக்கு முப்பது சதவிகிதப் பலத்தில் இரண்டு நிமிஷம் பிடி, மூன்று நிமிஷம் ஓய்வு, இவ்வாறு நான்கு தடவை, வாரத்துக்கு மூன்று நாள் என்று எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார். மேல் எண் சராசரி 13-உம் கீழ் எண் 15-உம் இறங்கின. ஆட்கள் மிகச் சிலரே ஆதலால் அப்போது பலர் நம்பவில்லை. 2023-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ ஏடு ஒன்றில், 270 ஆய்வுகளையும் 15,827 பேரையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்கள், நிலைப்பிடிப் பயிற்சியால் மேல் எண் சராசரி 8.24-உம் கீழ் எண் 4-உம் இறங்குவதாகக் கண்டார்கள். நடை, ஓட்டம் போன்றவற்றால் இறங்கியது 4.49-உம் 2.53-உம். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் முழங்காலை மடக்கி நிற்கும் பயிற்சியே மேல் எண்ணை இறக்குவதில் முதலிடம் பெற்றது. இவ்வகை ஆய்வுகள் மற்றவற்றைவிடக் குறைவு, பெரும்பாலும் சிறியவை. அழுத்தம் சரியாகவே உள்ள வாலிபருக்கு இறங்குவது சொற்பமாகவே இருக்கும். ஏன் இறங்குகிறது என்பதும் இன்னும் தீர்ந்தபாடில்லை. பிடியை விட்டவுடன் தசைக்குள் பாயும் இரத்தம் குழாய்ச் சுவரைப் பழக்கி இளகச் செய்கிறது என்பர் சிலர். குழாய்களைக் குறுக்கும் நரம்பின் வேகம் தணிகிறது என்பர் வேறு சிலர்.

“நாள் முழுதும் நாங்கள் செய்வது இதுதானே, எங்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கு?” என்று ஓர் அங்கத்தினர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. டென்மார்க்கில் தொழிலாளரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆராய்ச்சியாளர்கள், தொழிலில் வரும் கடும் உழைப்பு, ஓய்வு வேளையில் விரும்பிச் செய்யும் பயிற்சியைப்போல இருதயத்துக்கு நன்மை தருவதாகக் காணவில்லை. பயிற்சியில் இரண்டு நிமிஷத்துக்குப் பின் விடுதலை உண்டு, நாலு தடவையோடு முடிவுண்டு, மறுநாள் ஓய்வுண்டு. பாவு நீட்டுகிறவர் பாவு முடியும்வரை விடமுடியாது. மூட்டைக்குப் பின் மூட்டை வந்துகொண்டிருக்கும். தேக்கிய மடையைத் திறந்துவிடுவதில்தான் பலன் இருக்கிறதென்றால், திறக்கவே நேரம் தராத வேலையில் பலனை எதிர்பார்ப்பது எப்படி? பாரம் இறக்கும் வேலையில் இருவர் மாறி மாறி நின்றால் ஒவ்வொருவருக்கும் இடையிடையே கை ஓயும். கிடங்கு வேலையைப் பங்கிடும்போது சங்க நிர்வாகிகள் இதைக் கவனிப்பார்களாக.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாலிபர்கள், மடித்த துண்டையோ ரப்பர்ப் பந்தையோ கையில் வைத்து, முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அழுத்தி, பேசமுடிகிற அளவுக்கு மூச்சை விட்டுக்கொண்டே இரண்டு நிமிஷம் பிடிக்கலாம். முதல் நாளிலேயே நான்கு தடவை வேண்டாம். முன்பே உயர் அழுத்தம், இருதய நோய், கண்ணின் உட்திரைக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், குடலிறக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவேண்டாம். மாத்திரை உண்பவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்தக்கூடாது.

நம் சங்கக் கட்டிடத்தில் அடுத்தமுறை அழுத்தம் பார்க்கும்போது, வாயிற்படியருகே இருந்த பெஞ்சை எடுத்துவிட்டு, சாய்மானமுள்ள ஆறு நாற்காலிகளும் ஒரு மேசையும் போடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். வருகிறவர்கள் கைச்சுமையைக் கிடங்கிலேயே வைத்துவிட்டு, நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்து, பிறகு மேசைக்கு வரவேண்டும். அந்தப் பையனின் தகப்பனார் இரண்டு நாற்காலிகளைத் தாமே தருவதாகச் சொல்லியிருக்கிறார்.